அரிக்கமேட்டில் படித்த காய்ச்சல்

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் கடலூர் பஸ் ஏறினால் முதலியார்பேட்டை, மரப்பாலம், முருங்கப்பாக்கம் என்று வரிசையாக வந்து, பிறகு ஒரு பாலம் வரும். பாலத்துக்குக் கீழே அரியாங்குப்பம் ஆறு. செஞ்சிப் பக்கமிருந்து வருகிற சங்கராபரணி கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை இது. இன்னொன்று சற்றுத் தெற்கே நோணாங்குப்பத்தை ஒட்டிப் போகிற சுண்ணாம்பாறு. சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் அரியாங்குப்பத்தைத் தாண்டிச் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறைக்குப் போய்விடுகிறார்கள். நான் பாலம் கடந்ததுமே இறங்கிக்கொண்டேன். ஐப்பசி மழை விட்டு வெயில் தலைகாட்டியிருந்தது. சாலையோரப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இந்தக் கடற்கரையில் காய்ச்சல் தொடங்குகிற பருவம் அது.

அந்தப் பருவத்துக்காகவே வந்திருந்தேன். வைரஸ் புகுந்த பிறகு மனித செல்லின் உள்ளமைப்பு எப்படி மாறிப்போகிறது என்பதைப் படம்பிடிக்கும் ஆய்வுகளைச் சில காலமாக விடாமல் படித்துவருகிறேன். ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் எடுத்த படங்கள் அவை. ஆனால் படத்தில் இருக்கிற நோய் நம்முடையது. டெங்குவும் சிக்குன்குனியாவும் ஆண்டுதோறும் வந்து போகிற ஓர் ஊரில் நின்றுகொண்டு அந்தப் படங்களை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அரியாங்குப்பத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இங்கே இருக்கிறார். இன்னொரு காரணம், ரோமானியர் காலத்துத் துறைமுகம் இருந்த அரிக்கமேடு.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பக்கம் போனேன். வெளியே மர நிழலில் காய்ச்சல்காரர்களும் கூட வந்தவர்களுமாக நின்றிருந்தார்கள். ஒரு பாட்டி பேரனின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெண் கேட்டார்: “பிளேட்லெட் எவ்ளோ சொன்னாங்க பாட்டி?” பாட்டி கையிலிருந்த சீட்டைப் பார்க்காமலே சொன்னார்: “ஒண்ணு பத்துக்கு எறங்கிடுச்சும்மா. நாளைக்கு மறுபடி எடுத்துப் பாக்கச் சொல்லியிருக்காங்க.” ஒரு லட்சத்துப் பத்தாயிரம். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில்கூட இன்று ரத்தத் தட்டணுக்களின் கணக்கு மனப்பாடம். நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச்சாறு, தட்டணு எண்ணிக்கை என்று டெங்குவைச் சுற்றி ஒரு பெரிய பேச்சு இந்தப் பதினைந்து இருபது ஆண்டுகளில் உருவாகிவிட்டது. உடம்புக்கு வெளியே தெரிகிற காய்ச்சலை மக்கள் நன்றாகவே அறிவார்கள். ரத்தத்தில் தெரிகிற எண்ணையும் அறிவார்கள். அதற்கும் உள்ளே, ஒரு செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை.

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஒரு மதில்சுவரில் கொரோனா காலத்து ஓவியம் வெளுத்துப்போய் மிச்சமிருந்தது: பச்சைப் பந்து, சுற்றிலும் சிவப்பு முட்கள். அந்த உருவத்தை அடையாளம் தெரியாத குழந்தை நாட்டில் இல்லை. இந்தியாவில் அந்த வைரஸை முதலில் படம்பிடித்தது புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம். 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் உறுதியான முதல் நோயாளியின் தொண்டைச் சளியிலிருந்து எடுத்த மாதிரி. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தேடியதில் ஏழு துகள்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் சராசரியாக 70 முதல் 80 நானோமீட்டர் அளவு. அந்த மார்ச் மாதமே படம் வெளியாயிற்று. அப்போது நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து அங்கே போன பிரியா ஆபிரகாம்.

அரிய படம்தான். ஆனால் அது வைரஸின் படம். நோயின் படம் வேறு. வைரஸ் தனியாகக் கிடக்கும்போது மூச்சு விடாது, உண்ணாது, பெருகாது. அது ஒரு செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லின் சவ்வுகளையும் கொழுப்பையும் எடுத்துத் தனக்கு வேண்டிய இடங்களை அமைத்துக்கொண்ட பிறகுதான் நோய் என்ற ஒன்று தொடங்குகிறது. முள்பந்தின் படம் நம் எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. பந்து புகுந்து கலைத்துப்போட்ட வீட்டின் படம் பதியவில்லை. பார்க்க வேண்டியது அதைத்தான் என்பதே இந்தப் பயணம் முழுக்க என் மனத்தில் ஓடியது.

அண்ணன் வீடு கடலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. வாசலில் தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் வேட்டித் துணியை விரித்து இறுக்கிக் கட்டியிருந்தார். “மூடி சரியா உக்காரல தம்பி. கொசு போறதுக்கு ஒரு நூல் சந்து போதும்” என்றபடி உள்ளே அழைத்துப் போனார். ஜன்னல் ஓரம் ஒரு பழைய மைக்ராஸ்கோப். பக்கத்தில் ஸ்லைடுகள் அடுக்கிய மரப்பெட்டி.

“ஸ்லைடெல்லாம் இன்னும் வெச்சிருக்கீங்களாண்ணே?”

“வேலைக்குப் புதுசா வர்ற பசங்களுக்குச் சொல்லிக்குடுக்க வெச்சிருந்தது. தூக்கிப்போட மனசு வரல. மொதல்ல சும்மா பாரு. என்ன தெரியுதுன்னு அப்புறமா சொல்லு.”

கண்ணை வைத்தேன். ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு பரப்பு. தோலின் செல்கள் விட்டுவிட்டுக் கிடந்தன. பெரும்பாலானவற்றில் நடுவே ஒரே ஒரு நியூக்ளியஸ், அடர்ந்த புள்ளியாக. அவர் மேடையைக் கொஞ்சம் நகர்த்தினார். பார்வைக்குள் ஒரு பெரிய செல் வந்தது. சுற்றியிருந்த செல்களைப் போல ஐந்தாறு மடங்கு பருமன். அதற்குள் எட்டோ ஒன்பதோ நியூக்ளியஸ்கள், ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி, அழுத்திய இடத்தில் வடிவம் நசுங்கி. ஒவ்வொன்றின் நடுப்பகுதியும் தெளிவில்லாமல் வெளிறியிருந்தது. அதன் ஓரத்தில் மட்டும் கறுத்த கோடு.

“ஒத்த செல்லு இல்ல அது. பல செல்லு ஒண்ணா கலந்துபோனது. அம்மைக் கொப்புளத்துல எடுத்தது.”

டிசாங்க் ஸ்மியர் என்று இந்தச் சோதனைக்குப் பெயர். பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஆர்னோ டிசாங்க் 1947-ல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. புதிதாகக் கிளம்பிய கொப்புளத்தின் மேல்தோலை நீக்கி, அடிப்பாகத்தை லேசாகச் சுரண்டிக் கண்ணாடியில் தேய்த்து, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். சின்னம்மை வைரஸும் அதன் உறவான ஹெர்பிஸ் வைரஸும் தாம் புகுந்த செல்லின் மேல்சவ்வில் தங்கள் புரதங்களை நட்டுவைக்கின்றன. அந்தப் புரதங்கள் பக்கத்து செல்லின் சவ்வைப் பிடித்து இழுத்து இணைத்துவிடுகின்றன. சுவர் போய், இரண்டு செல் ஒன்றாகிறது; பிறகு மூன்று, நான்கு. வைரஸ் வெளியே வராமலே அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. இரண்டில் எந்த வைரஸ் என்று இந்த ஸ்லைடால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் குடும்பத்து வேலைதான் என்று சொல்லிவிடும், அரை மணி நேரத்துக்குள், மிகக் குறைந்த செலவில்.

நியூக்ளியஸின் ஓரத்தில் தெரிந்த அந்தக் கறுத்த கோட்டை மறுபடியும் பார்த்தேன். அது நம்முடைய மரபுப்பொருள். வைரஸ் நடுவிடத்தைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டு, நம் குரோமாட்டினை ஓரத்துக்குத் தள்ளிவிட்டிருக்கிறது. நோயியல் ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் பார்த்துவந்த இந்தக் கோட்டை, பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகக் குழுவினர் மென் எக்ஸ்-கதிர் டோமோகிராபி என்ற முறையில் முப்பரிமாணத்தில் படம்பிடித்து 2016-ல் வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்டது ஹெர்பிஸ் வைரஸ். ஓரத்தில் ஒதுங்கிய குரோமாட்டின் ஒரு கெட்டியான வேலி போல நிற்கிறது என்றும், அந்த வேலியில் ஆங்காங்கே சந்துகள் திறக்கின்றன என்றும், புதிய வைரஸ் துகள்கள் அந்தச் சந்துகள் வழியே சவ்வை எட்டுகின்றன என்றும் அதில் தெரிந்தது. இந்த முறையில் செல்லுக்குச் சாயம் ஏற்ற வேண்டியதில்லை, வெட்ட வேண்டியதில்லை. தண்ணீர் குறைவாகவும் கார்பன் அதிகமாகவும் உறிஞ்சுகிற அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்து, உறையவைத்த முழுச் செல்லையும் ஊடுருவிப் பார்க்கிறார்கள். கண்ணாடி ஸ்லைடில் ஒரு கோடாகத் தெரிந்ததற்குக் கதவும் வழியும் இருப்பது இப்போது தெரிகிறது.

அண்ணன் இன்னொரு ஸ்லைடு வைத்தார். கருப்பை வாய்ப் பரிசோதனைக்காக எடுக்கும் பாப் ஸ்மியர். இதில் சில செல்களின் நியூக்ளியஸைச் சுற்றி வெறுமையான வெள்ளை வளையம். நியூக்ளியஸ் கிஸ்மிஸ் பழம் போல மடிப்பு விழுந்து. இந்த உருமாற்றத்துக்கு கொய்லோசைட் என்று 1956-ல் பெயர் வைத்தவர் லெயோபோல்ட் காஸ். அது பாப்பிலோமா வைரஸின் கைவரிசை என்பது உறுதியாக இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. நம் ஊர்ப் பெண்களின் உயிரைக் குடிக்கிற கருப்பை வாய்ப் புற்றுநோயின் ஆரம்பச் சுவடு அந்த வெள்ளை வளையம். சரியான காலத்தில் ஒருவர் இதைப் பார்த்துவிட்டால் ஒரு பெண் பிழைத்துக்கொள்வாள்.

பிற்பகல் அவருடைய வண்டியில் வீராம்பட்டினம் போனோம். அரியாங்குப்பத்துக்குக் கிழக்கே கடலை ஒட்டிய பெரிய மீனவ ஊர். செங்கழுநீர் அம்மன் கோயில் ஊரின் நடு. ஆடி மாதம் ஐந்தாவது வெள்ளிக்கிழமை இங்கே தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளுநர் வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்றும் நடக்கிறது. ஒரு தெருவில் ஒரு வீட்டு வாசல்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. “அம்மை போட்டிருக்கு, உள்ள போகாத” என்று அண்ணன் சன்னமாகச் சொன்னார். சற்று முன் ஸ்லைடில் பார்த்தது அந்த வீட்டுக்குள் பாயில் படுத்திருக்கிற ஒருவரின் தோலில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. வேப்பிலை செருகிய வாசலைத் தாண்டி வெளியாட்கள் போக மாட்டார்கள். தனிமைப்படுத்துவதை இந்த ஊர் யாரும் சொல்லித்தராமலே கடைப்பிடித்துவந்திருக்கிறது. அந்த அறிவின் மேல்தான் நுண்ணோக்கியின் அறிவையும் வைக்க வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

படகுகள் ஏற்றிவைத்திருந்த மணலில் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். 2006 சிக்குன்குனியாக் காய்ச்சலைப் பற்றிக் கேட்டதும் வலையைக் கீழே வைத்துவிட்டார். “சுனாமியிலேருந்து எழுந்து நின்னோம் தம்பி. அடுத்த வருஷமே முட்டி புடிச்சு உக்கார வெச்சிடுச்சு. வூட்டுக்கு வூடு. சுவத்தப் புடிச்சிக்கிட்டுதான் கொல்லைக்கே போவோம். கடலுக்கு எங்க போறது? எனக்குக் கை வெரலு இன்னும் காலையில மடங்காது.”

அந்த ஆண்டு இந்தியாவில் சிக்குன்குனியா என்று ஐயப்பட்ட நோயாளிகள் மட்டும் 13 லட்சத்துக்கும் மேல். புதுச்சேரிக்கு அது முதல் தடவையும் அல்ல. கல்கத்தாவில் 1963-ல் தொடங்கிய தொற்று 1964-ல் சென்னை, வேலூர், புதுச்சேரி என்று பரவியிருக்கிறது. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய மறைந்து கிடந்து, புதிய வடிவில் திரும்பி வந்தது.

பெரியவரின் விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். நடுவிரல் மூட்டு புடைத்திருந்தது. அந்த மூட்டைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவின் செல்களைத்தான் சிக்குன்குனியா வைரஸ் விரும்பிப் பிடிக்கிறது. பிடித்த செல்லில் அது என்ன செய்கிறது என்பதை ஸ்வீடனின் உமேயோ பல்கலைக்கழகத்தில் லார்ஸ்-ஆண்டர்ஸ் கார்ல்சன் குழுவினர் 2022-ல் உறையவைத்த செல்களை எலெக்ட்ரான் டோமோகிராபியால் படம்பிடித்துக் காட்டினார்கள். செல்லின் வெளிச்சவ்வு ஆங்காங்கே வெளிப்புறமாகப் புடைத்து, வயிறு பெருத்து வாய் குறுகிய குடங்களாக நிற்கிறது. ஒவ்வொரு குடத்துக்குள்ளும் வைரஸின் ஆர்.என்.ஏ. இழை ஒன்று சுருண்டு கிடக்கிறது. குடத்தின் கழுத்தில் வைரஸ் புரதம் ஒன்றின் 12 பிரதிகள் வளையமாகக் கூடி உட்கார்ந்து, எது உள்ளே வரலாம் எது வெளியே போகலாம் என்று காவல் காக்கின்றன. நகலெடுக்கும் வேலை முழுவதும் அந்த மறைவில் நடக்கிறது. செல்லுக்குள் அந்நிய ஆர்.என்.ஏ. தட்டுப்பட்டால் அலாரம் அடிக்கக் காத்திருக்கிற நம் காவல் புரதங்களின் கண்ணில் அது படுவதில்லை.

படத்தில் நாம் பார்க்கிற குடத்தின் சுவர் நம்முடைய சவ்வு. கழுத்தின் பூட்டு மட்டும்தான் வைரஸுடையது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் அரிக்கமேட்டில் பேச வந்த விஷயம் விளங்கும்.

வீராம்பட்டினத்திலிருந்து காக்காயந்தோப்பு வழியாக அரிக்கமேட்டுக்குப் போனோம். மாமரங்கள், தென்னைகள், நடுவே 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய இல்லத்தின் சிதிலம். தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். ரோமானியத் துறைமுகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு மேடும் மரங்களும் ஆறும்தான் கிடைக்கும். ஆற்றங்கரைச் சரிவில் மழை அரித்த இடத்தில் ஓட்டுச் சில்லுகள் துருத்திக்கொண்டிருந்தன. ஒரு சில்லின் விளிம்பு கறுப்பு, உட்புறம் சாம்பல், வெட்டு முகத்தில் நெருப்புப் பட்ட ஆழம் அளவுக்கு நிறம் மாறியிருந்தது. எடுக்காமல் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தேன். எதுவும் எடுக்கக் கூடாத இடம் அது. அகழாய்வில் கிடைத்தவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

இங்கே தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945-ல் தோண்டினார். பொருளைத் தேடி எடுப்பதைவிட மண்ணின் அடுக்குகளைப் படிப்பதே முக்கியம் என்று வற்புறுத்தியவர் அவர். குழியின் பக்கச் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கி, எந்த மண் எந்த மண்ணின்மேல் படிந்திருக்கிறது, எந்தச் சுவர் எந்தத் தளத்தை வெட்டிக்கொண்டு போகிறது என்று குறுக்குவெட்டுப் படமாக வரைவித்தார். இத்தாலியில் அரெட்ஸோ பகுதியில் செய்த மெருகேற்றிய சிவப்புப் பாண்டம் எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதை வைத்து அந்த அடுக்குக்குக் காலம் குறித்தார். அதே 1945-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் கீத் போர்ட்டர், ஆல்பெர்ட் கிளாட், எர்னெஸ்ட் ஃபுல்லம் மூவரும் முழு செல் ஒன்றின் முதல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்தை வெளியிட்டார்கள். அது கோழிக்கருவின் செல். ஒளி மைக்ராஸ்கோப்பில் வெறும் பரப்பாகத் தெரிந்த இடத்தில் பின்னல் பின்னலாக ஒரு வலை தெரிந்தது. பின்னாளில் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்று போர்ட்டர் பெயர் சூட்டியது அதற்குத்தான். டெங்கு வைரஸ் குடியேறுவதும் அங்கேதான்.

குறுக்குவெட்டைப் படிப்பதே இரண்டு வேலையிலும் உயிர்நாடி. செல்லை குளூட்டரால்டிஹைடில் நிலைநிறுத்தி, ஆஸ்மியத்தால் அதன் கொழுப்புச் சவ்வுகளைக் கறுக்கவைத்து, ரெசினில் பதித்து, வைரக்கத்தியால் 60, 70 நானோமீட்டர் தடிமனில் சீவுகிறார்கள். மனித செல் ஒன்று 20 மைக்ரோமீட்டர் என்றால் சுமார் முந்நூறு சீவல். இப்போது இன்னும் நுணுக்கமான வழி இருக்கிறது. அயனிக் கற்றையால் செல்லின் மேற்பரப்பைச் சில நானோமீட்டர் ஆழத்துக்குச் செதுக்கி, தெரிகிற முகத்தைப் படமெடுத்து, மறுபடி செதுக்கி, மறுபடி படமெடுத்து, கடைசியில் எல்லாப் படங்களையும் அடுக்கி முழு செல்லையும் முப்பரிமாணமாக மீட்கிறார்கள். செதுக்கிய அடுக்கு போனது போனதுதான். அகழாய்வாளரும் அதே நிலைமையில்தான் வேலை செய்கிறார். படித்தபடியே அழிக்க வேண்டியிருப்பதால் படிக்கிற கண் கூர்மையாக இருக்க வேண்டும்.

இத்தகைய முறைகளைக் கொண்டுதான் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ரால்ஃப் பார்ட்டன்ஷ்லாகர் குழுவினர் 2009-ல் டெங்கு பிடித்த மனிதக் கல்லீரல் செல்களைப் படித்தார்கள். எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தின் சவ்வு உட்புறமாகக் குழிந்து, சுமார் 90 நானோமீட்டர் விட்டமுள்ள குமிழிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 நானோமீட்டர் அளவில் சிறு துளை. நகலெடுத்த ஆர்.என்.ஏ. அந்தத் துளையால் வெளிவருகிறது. துளைக்கு நேர் எதிரே, அதே சவ்வின் இன்னொரு மடிப்பில், புதிய வைரஸ்கள் மொட்டு விடுகின்றன. தயாரிக்கும் இடமும் பொட்டலம் கட்டும் இடமும் அடுத்தடுத்து. 2020-ல் அதே நகரத்துக் குழுவினர் கொரோனா பிடித்த நுரையீரல் செல்களைப் படமெடுத்தபோது, இரட்டைச் சவ்வுக் குமிழிகள் செல்லுக்குள் நிறைந்திருப்பதும், கோல்கி உறுப்பு துண்டு துண்டாகச் சிதறியிருப்பதும், செல்லின் எலும்புக்கூடு போன்ற இழைகள் இடம் மாறிக் குமிழிகளைச் சூழ்ந்துகொண்டதும் தெரிந்தன.

அரிக்கமேட்டின் இரண்டாம் பாடம் தவறாகப் படிப்பது பற்றியது. ரோமானியர் வந்த பிறகே இங்கே வாழ்க்கை துளிர்த்தது என்ற தோற்றத்தை வீலரின் வாசிப்பு தந்தது. அதற்குப் பிறகு ழான்-மரி கஸால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பேக்லி குழுவினர் மறுபடி தோண்டினார்கள். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே உள்ளூர் மக்கள் இங்கே குடியிருந்து, மணி செய்து, வணிகம் நடத்தியிருக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று. வந்தவர்களைக் கட்டியவர்களாக நினைத்தது முதல் வாசிப்பு. இருந்த ஊரின் மேல்தான் வந்தவர்கள் தங்கினார்கள் என்றது அடுத்தது.

வைரஸ் பிடித்த செல்லையும் முதலில் இப்படித்தான் படித்தார்கள். வெறிநாய்க் கடியில் இறந்த விலங்குகளின் நரம்பு செல்களில் சிவப்பு உருண்டைகளை 1903-ல் கண்டார் இத்தாலியின் அடெல்கி நெக்ரி. அந்த உருண்டையே நோய்க்கிருமி, ஓர் ஒட்டுண்ணி என்று நினைத்தார். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் திறந்த காலத்தில் வெறிநோயை உறுதிசெய்ய உலகமெங்கும் நம்பியிருந்த அடையாளம் அந்த நெக்ரி உருண்டைதான். அடையாளம் சரி, பொருள் தவறு. ஒரு நூற்றாண்டு கழித்து, பிரான்சில் ழிஃப்-சுர்-இவெத் ஆய்வாளர்கள் அது வைரஸ் பெருகும் தொழிற்கூடம் என்று நிறுவினார்கள். 2017-ல் இன்னும் ஒரு படி போனார்கள். அந்தக் கூடத்துக்குச் சவ்வுச் சுவரே இல்லை. அது ஒரு திரவத் துளியின் இயல்போடு இருக்கிறது, இரண்டு துளிகள் நெருங்கினால் ஒன்றாகிவிடுகின்றன என்று காட்டினார்கள். நெக்ரி பார்த்தது உண்மை. பார்த்ததன் பொருளைப் படிக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

மறுநாள் ஊரின் மறுகோடிக்கு, கோரிமேட்டுப் பக்கம் போனேன். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இங்கே இருக்கிறது. பக்கத்து இந்திரா நகரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம், 1975 முதல். யானைக்கால் நோய்க்கும் கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியாவுக்கும் பெயர்பெற்ற இடம். 2022-ல் இவர்கள் அறிவித்தது வோல்பாக்கியா கொசு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முட்டைகளை வளர்த்து, டெங்குவைப் பரப்பும் புதுச்சேரியின் ஏடிஸ் எஜிப்டி கொசுவோடு பல தலைமுறைகள் கலந்து, வோல்பாக்கியா பாக்டீரியாவைச் சுமக்கும் உள்ளூர்க் கொசுவை உருவாக்கினார்கள். அந்த பாக்டீரியா கொசுவின் செல்லுக்குள் சவ்வுப் பைகளில் குடியிருக்கிறது. டெங்குவும் சிக்குன்குனியாவும் அங்கே வந்தால் முன்போல் பெருக முடிவதில்லை. தாயிடமிருந்து முட்டைக்கு அது தானாகவே போய்ச் சேர்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இந்த வகைக் கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

கொசுவின் செல்லிலும் டெங்கு இதே போன்ற குமிழிகளைத்தான் அமைக்கிறது. ஆனால் கொசு அதனால் சாவதில்லை. வாழ்நாள் முழுக்கச் சுமந்து திரிகிறது. வைரஸ் ஒன்று, குமிழி ஒன்று, விளைவு மட்டும் உயிருக்கு உயிர் வேறு. நோய் என்பது வைரஸின் குணம் மட்டும் அல்ல, அது புகுந்த வீடு எப்படி எதிர்வினை செய்கிறது என்பதும் சேர்ந்ததுதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

இந்தப் படங்களால் பாட்டியின் பேரனுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். டெங்குவுக்கென்று ஒரு மருந்து இன்றுவரை சந்தையில் இல்லை. நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டு, ரத்தக்கசிவைக் கண்காணித்து, உடம்பு தானாக மீளும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. ஆனால் மருந்துக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகமும் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமும் சேர்ந்து கண்டுபிடித்த மூலக்கூறு ஒன்று, டெங்குவின் நான்கு வகைகளையும் தடுக்கிறது என்று 2021-ல் தெரியவந்தது. வைரஸின் இரண்டு புரதங்கள் கைகோர்ப்பதை அது தடுக்கிறது. கைகோர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஹைடல்பெர்க் குழுவினர் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து 2024-ல் எழுதினார்கள். மருந்து கொடுத்த செல்லில் புதிய குமிழிகள் உருவாகவில்லை. ஏற்கெனவே உருவாகிவிட்ட குமிழிகளை அது ஒன்றும் செய்யவில்லை. ஆகவே காய்ச்சல் முற்றிய பிறகு கொடுப்பதைவிட, வருமுன் காக்கவும் தொடக்கத்திலேயே தடுக்கவும்தான் இவ்வகை மருந்து பொருத்தம் என்று அந்தப் படம் சொல்லிவிட்டது. பல நூறு நோயாளிகளிடம் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒரு செல்லின் குறுக்குவெட்டு முன்கூட்டியே காட்டியது.

இதே வரிசையில் மனிதர்களிடம் சோதனைக்குப் போன மருந்து மோஸ்னோடென்விர். பல நாடுகளில் இரண்டாம் கட்டக் கள ஆய்வு நடந்துகொண்டிருந்தபோது, 2024 அக்டோபரில் நிறுவனம் அதை நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பில் குறை ஏதும் கண்டதால் அல்ல, தொற்றுநோய் ஆராய்ச்சியில் தன் முன்னுரிமைகளை மாற்றிக்கொண்டதால் என்று நிறுவனமே தெரிவித்தது. இதைப் படித்தபோது வந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. வீடு எப்படிக் கலைகிறது என்று தெரிந்துவிட்டது. கலைப்பவனின் கையை எங்கே பிடிக்க வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது. வாங்கும் சக்தி உள்ள நாடுகளில் டெங்கு பெரிய தொல்லையாக இருந்திருந்தால் இந்த ஆராய்ச்சி இப்படிப் பாதியில் நின்றிருக்காது.

டெங்கு நம் நாட்டு நோய். அதன் மருந்தும் நம் நாட்டுப் பொது ஆய்வகங்களின் கடமை. டெங்கு தடுப்பூசிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பேனேசியா பயோடெக்கோடு சேர்ந்து 2024 ஆகஸ்டில் மூன்றாம் கட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறது. அதே அக்கறை மருந்துக்கும் வேண்டும். நம் நோயாளிகளைத் தாக்கும் வைரஸ் வகைகளை நம் ஆய்வகங்களிலேயே செல்களில் வளர்த்து, படமெடுத்து, படிக்கக் கற்ற இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும். அதற்கு முதல் படி பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அரியாங்குப்பத்துப் பிள்ளைகளைத் தொல்லியல் காட்ட அரிக்கமேட்டுக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்கள், அதே வாரத்தில் ஒரு மைக்ராஸ்கோப்பின் முன்னும் அவர்களை உட்கார வைக்கட்டும். முள்பந்தைக் காட்டிப் பயமுறுத்தியது போதும். வைரஸ் புகுந்த செல்லைக் காட்டி, எது நம் சுவர், எது வைரஸின் பூட்டு என்று அவர்களையே பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பூட்டை எப்படி உடைப்பது என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள். கேட்டவர்களில் ஒருவர் பதிலும் கண்டுபிடிப்பார் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.